பேனையால் மூடிய கான்

ஒரு மனிதரின் இடுப்பெலும்பு உடைந்ததற்கு நானே காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கரையோரப் பிரதேச சபையொன்றில் பிரதம இலிகிதராக இருந்தேன். எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியில் ஓட்டை இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். சேவைத் தரத்துக்குப் புள்ளியிட அவ்வருடம் ஒரு குழு வருவதாக இருந்தது. முறைப்பாடுகள் நிலுவையில் இருந்தால் புள்ளி குறையும். எங்கள் பதிவேட்டிலோ நிலுவையைத் தவிர வேறொன்றும் இல்லை...

வேலைகளைச் செய்து முடித்திருக்கலாமே என்பீர்கள். நாளாகும் என்று எண்ணினேன். ஆகவே, 'தங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டுள்ளது' என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன். இரண்டே நாளில் ஊரின் குறைகள் அனைத்தும் தீர்ந்தன!

"சேர், இனி வேலைத்தள ஓவசியருக்கு வேலையில்ல. நீங்க பேனையாலயே வடிகான மூடிடுவீங்க!" என்றார் எழுதுநர் நஸீர். சிரித்தேன்.

அவற்றில் ஒன்று கைத்தறி நெய்யும் றஹீமாவின் முறைப்பாடு. பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையில் வடிகான் மூடி உடைந்திருந்தது. அவருடைய கணவருக்குப் பார்வை மங்கல். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் றஹீமாதான் கைபிடித்து அழைத்துச் செல்வார்.

குழு வந்தது. கேடயம் தந்தது. மறுவாரம் றஹீமா கடிதத்தோடு சபைக் கந்தோருக்கு வந்தார்.

"நான் தறியில இருந்த நேரம் தபால்காரர் இத அவருக்கு வாசிச்சுக் காட்டியிரிக்காரு. கந்தோர் முத்திரை இரிக்கா எண்டு கேட்டாராம். ஓம் எண்டதும் அஸர் தொழுகைக்குத் தனியப் போய்க் கானுக்குள்ள விழுந்திட்டாரு. ஆரு சேர் இதில ஒப்பம் வெச்ச?"

என் கையொப்பம் யாருக்கும் விளங்காது. அப்படித்தான் பழகி வைத்திருந்தேன்.

"பார்த்துச் சொல்றன்" என்றேன்.

அன்றே நின்று மூடி போடுவித்தேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. இரண்டு மணித்தியாலம்! கடிதங்களுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது.

றஹீமாவின் கணவர் இப்போது வீட்டிலேயே, கதிரையில் அமர்ந்து தொழுகிறார். முத்திரையை நம்பியதா அவருடைய பிழை?

சந்தையில் காணும்போதெல்லாம் றஹீமா ஸலாம் சொல்கிறார். "மூடி போட்டுத் தந்த நீங்கதானே சேர். ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் உங்களுக்கு துஆ கேக்கிறாரு."

நான் "ஆமீன்" என்கிறேன்.