கடைசி ஊருக்கு நான் போட்ட ரூட்

ரூட் போடுறதுல என்னை அடிச்சிக்க ஆளில்லைன்னு ஒரு திமிரு இருந்துச்சு எனக்கு. விழுப்புரத்துல எங்க தண்ணி டெஸ்ட் லேப். காலையில ஊர் ஊராப் புடிக்கிற தண்ணி பாட்டில் ஐஸ் பெட்டியில ஏறி மத்தியானத்துக்குள்ள லேப் மேசைக்கு வந்தாகணும், இல்லன்னா கிருமி டெஸ்ட் செல்லாது. காணைக்கு ஒரு நாள், மேல்சித்தாமூர் பக்கம் ஒரு நாள், கிளியனூர் பக்கம் ஒரு நாள். போன ரோட்டுலயே வண்டி திரும்ப ஓடாத மாதிரி நோட்டுல கோடு போட்டு வச்சிருப்பேன்.

அந்த நோட்டை யாருக்கும் காட்ட மாட்டேன். நாங்க வர்ற நாள் தெரிஞ்சா டேங்க் ஆபரேட்டருங்க முந்திக்கினு பிளீச்சிங் பவுடரைக் கொட்டிடுவாங்க, அன்னைக்கு மட்டும் தண்ணி சுத்தமா இருக்கும். டிரைவர் அண்ணனுக்கு மட்டும் முதல் நாள் சாயங்காலம் சொல்லுவேன், டீசல் போடணுமே. ஏழு வருசமா ஒரே வண்டி. என் கல்யாணப் பந்தியில நின்னு பரிமாறின மனுசன், அவருகிட்ட என்னாத்த மறைக்கிறது?

திண்டிவனத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்லதான் என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்திருக்கோம். ரூட்டுல அந்த ஊரு எப்பவும் கடைசி, பாட்டில் எப்பவும் பாஸ். ஆனா தங்கச்சி மகளுக்கு மட்டும் அடிக்கடி வயித்தால போய்க்கினே இருந்துச்சு. தண்ணியைக் காய்ச்சணுமாக்கான்னு தங்கச்சி கேட்டப்ப சிரிச்சேன். நானே டெஸ்ட் பண்றேன்டி, கேஸை வீணாக்காதேன்னு பெரிய இவளாட்டம் சொன்னேன்.

போன மழைக்கு முன்னாடி ஒரு நாள், வழியில ரோட்டு வேலை. வண்டிங்க நகரவே இல்ல. கடைசி ஊரை முதல்ல முடிச்சிடலாம், திருப்புங்கண்ணேன்னேன். டீ குடிச்சிட்டுப் போலாம்மான்னாரு. அதெல்லாம் அப்புறம், ஜல்தியா போங்கன்னேன்.

போய் எறங்கினா, ஆபரேட்டர் பவுடர் பக்கெட்டோட டேங்க் படியில ஏறிக்கினு இருக்கான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டான்.

"பதினோரு மணிக்கு மேலதான் வருவீங்கன்னு மாமா நேத்தே போன்ல சொன்னாரே மேடம்."

அவன் மாமான்னு கை காட்டினது எங்க டிரைவர் அண்ணனை. தெருக்குழாயில தண்ணி புடிச்சு டெஸ்ட் மருந்து விட்டேன். குளோரின் இருந்தா மஞ்சளா மாறணும், அது அப்படியே கெடந்துச்சு.

அண்ணன் தலையைத் தூக்கல. "என் பொண்டாட்டி தம்பிம்மா. ஒழுங்கா பவுடர் போட மாட்டான். வேலை போயிட்டா எங்க போவான்?"

கூட இருந்தே குழி பறிச்சிட்டாரு பாவி. காலையிலேருந்து டீ கூட குடிக்காத தாகம் வேற. குழாயண்ட குனிஞ்சு கையை ஏந்தினேன். அவரு ஓடியாந்து, அது வேணாம்மான்னு தன் பாட்டிலை நீட்டினாரு.

அப்பத்தான் உறைச்சுச்சு. அந்த ஊருக்கு வர்றப்பல்லாம் இந்த பாட்டில்தான். சுகரு இருக்குது, வெந்தயத் தண்ணிதான் குடிக்கிறேம்பாரு. எனக்கும் அதையேதான் குடுப்பாரு. தங்கச்சி வீட்டுல டீ குடிப்பாரு, ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. அந்தப் புள்ளையை மடியில வச்சுக் கொஞ்சினவருக்கு, காய்ச்சிக் குடுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல மனசு வரல.

பாட்டிலை வாங்காம தங்கச்சி வீட்டுக்கு நடந்தேன். என்னைப் பார்த்ததும் பாப்பா பெரியம்மான்னு உள்ள ஓடி, எப்பவும் போல ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து நீட்டுச்சு. வாங்கி வாசல்ல ஊத்தினேன்.

"நல்ல தண்ணிதானே பெரியம்மா?"ன்னு கேட்டுச்சு.