ஈரக் கைத்தடம்

வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்குள் நுழைந்ததுமே பினாயில் வாசனை என்னை, நான் முன்பு குடியிருந்த, எப்போதோ இடிபட்டுப்போன ஒக்கலிபுரத்து லைன் வீடுகளுக்குக் கொண்டுபோய்விட்டது. எல்லா வீட்டுக்கும் பொதுவான சிவப்பு சிமெண்ட் நடையை, எழுபது தாண்டிய முனியம்மா அத்தை விடிந்ததும் குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, பினாயில் நனைத்த ஈரத்துணி சரக் சரக்கென்று இழுபட, துடைத்து முடித்துவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்பாள். “கை ஊனாம எழுந்திருக்கிற வரைக்கும் எமன் நம்ம லைனுக்குள்ள வரமாட்டான்டி” என்பாள்.

ஒருநாள் கை ஊன்றி எழுந்தாள். உள்ளே போய்ப் படுத்தாள். அன்று மாலையே அவளைப் பாடையில் தூக்கியபோதும் தரையிலிருந்த அந்த ஈரக் கைத்தடம் காயவில்லை. எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடந்தோம்.

“தரையில உக்காந்து எழுந்திருங்கம்மா, பாக்கலாம்” என்றாள் பிசியோதெரபி பெண்.

எழுந்தேன். வியர்த்த என் உள்ளங்கை தரையில் அப்படியே பதிந்திருந்தது.

“அடுத்தவங்க வெயிட் பண்றாங்கம்மா.”

அது காயட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.