ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்ற ஒரு கார்டு

நேற்றிலிருந்து, விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓடும் என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க், தேயிலை ஃபேக்டரி மாதிரி கடகடக்கிறது. அது சாவதற்குள் நம் குரூப்பின் ஆண்டு விழா வீடியோவை வெளி டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். வேறு பிரதி கிடையாது.

யூஎஸ்பி துளைகள் எல்லாம் அவுட். பக்கவாட்டில் கார்டு சொருகும் இடம் மட்டும் உயிரோடு இருக்கிறது. யூஎஸ்பி துளை உள்ள கார்டு ஒன்றை அதில் சொருகினால் வெளி டிஸ்க்கை மாட்டிவிடலாம். எஸ்டேட்டில் கிடைக்கும் சிக்னலில் நெட்டில் ஏற்றினால் அடுத்த ஆண்டு விழாவே வந்துவிடும்.

கோத்தகிரியிலிருந்து லேப்டாப்போடு பஸ் ஏறிக் குன்னூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் இரண்டு கார்டுகளை எடுத்துப் போட்டார்.

"ஏனுங்ண்ணா, இதுல எது லினக்ஸ்ல ஓடும்?"

"ரெண்டுமே ஓடும் தம்பி."

"உள்ள என்ன சிப்புங்ண்ணா? அதப் பொறுத்துத்தானுங்க லினக்ஸ்ல ஓடும். பிரிச்சுப் பாக்கலாமுங்களா?"

"பிரிச்சா வாங்கிக்கோணும்."

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒன்றைப் பிரித்தார். சொருகினோம். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. "உடு தம்பி, நானே விண்டோஸ் போட்டுத் தர்றேன், சும்மாவே. கார்டு ஜம்முனு ஓடும். என்ன, உள்ளார இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிரும். பரவால்லையா?"

லினக்ஸில் ஓடும் கார்டு எது என்று தெரிந்த புண்ணியவான்கள் கமெண்டில் சொல்லுங்கள். 'விண்டோஸ் போடுடா' என்பவர்கள் ஆண்டு விழா மேடையில் ஆடிய ஆட்டம், டிஸ்க் பிழைத்ததும் என் ஸ்டேட்டஸில் வரும்.