பதினொரு வீட்டுக்கு ஒரு கார்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஒரு பழைய தையல் மெஷினை வைத்துக்கொண்டு கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதியில் குஷன் கடை போட்டேன். கார், வேன், லொறி, பஸ் எது வந்தாலும் சீட்டைக் கழற்றிப் புதிதாகத் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். இந்த ஊரில் பெரிய மனிதர் என்று பேர் வாங்கியவர்களில் பாதிப் பேர் என் தையலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பாதையே இல்லாத மேட்டில், கல்லையும் சீமெந்தையும் தோளில் சுமந்து மூன்று அறை வீடு கட்டினேன். மகனைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தேன். இன்றைக்கு அவன் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். பதினொரு வீடு கொண்ட சின்னத் தெரு எங்கள் ஒழுங்கை. அங்கே மரண உதவிச் சங்கம் தொடங்கியபோது முதல் பத்துக் கதிரை என் கடையிலிருந்துதான் போனது. கடைசியாக, பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கார் கொண்டுவந்தேன். மற்றதெல்லாம் ஊர் அறியும். இந்தக் கார் விஷயத்தில்தான் இப்போது கதையை மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரிக்கு வலது கால் திடீரென்று இழுத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தோறும் ஊரின் அடுத்த முனையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது, தவறினால் கால் அப்படியே விறைத்துவிடும் என்றார். பஸ்ஸின் படி அவளுக்கு எட்டவில்லை. திரீவீலில் காலை மடக்கி உட்கார வேண்டும். இறங்கும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பேச்சை எடுத்தான்.

"அப்பா, உங்களுக்கும் வயசாச்சு. கடைய வித்துருவோம். சின்னதா ஒரு கார் எடுப்போம். அம்மாவ வசதியா கூட்டிக்கிட்டுப் போகலாம்."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"செவ்வாக்கெழம ஒனக்கு ஆபீஸ் இல்லியா?"

"லீவு போடுவேன்."

"வாராவாரமா? அப்பறம் ஒன்னைய ஆபீஸ்ல வச்சிருப்பாங்களா?"

உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் என் காலப் புடிச்சு இழுக்காதீங்க. கடைய விக்கவும் வேணாம், எனக்குன்னு கார் வாங்கவும் வேணாம். கால நீட்டி உக்கார ஒரு எடம் இருந்தாப் போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் இடத்துக்கு என் கடையைக் கொடுக்க வேண்டும் என்கிறான் மகன். கொடுக்காவிட்டால் அவள் கால் போய்விடும் என்கிறார் டொக்டர். நான் என்ன செய்ய?

சீட் மாற்ற வந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய காரிலேயே போய்ப் பார்த்தோம். மகன் லீவு போட்டு ஓட்டினான். பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்ததுமே நின்றோம். ஸ்கூல் வேன்கள் வாவிக்கரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. கெட்டம்பேயிலும் அதே கதைதான். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனவன் பயிற்சி முடிகிற நேரத்துக்குத்தான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். ஆனால் ஒன்று. அவள் பின் சீட்டில் வழி நெடுகக் காலை நீட்டிக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது தூங்கியும் போனாள். அதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை கார் வேண்டும். மற்ற ஆறு நாளும் எதற்கு?

இதற்கு விடை படித்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் இந்த ஊர்க் கார்களின் அடிவயிற்றைப் பார்த்தவன் நான். கடைக்கு வரும் கார்களில் சாரதி சீட்டின் ஸ்பொஞ் மட்டும் பள்ளமாகியிருக்கும். கிளச் மிதித்து மிதித்து ஒரு பக்கம் நைந்திருக்கும். பின் சீட்டைத் தொட்டால் புதுத்துணி மாதிரி இருக்கும். பத்து வருசம் ஓடிய காரில் பின் சீட்டுப் பொலித்தீனைக்கூடக் கழற்றாதவர்கள் இருக்கிறார்கள். அதாவது கண்டியில் கார் வைத்திருக்கிற ஆள், நாலு வெறும் சீட்டைத் தினமும் ஊர்வலம் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார்! ஒரு வீட்டுக்கு ஒரு கார் வீண். பதினொரு வீட்டுக்கு ஒன்று என்றால் ஒரு சீட்டும் சும்மா கிடக்காது.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "சாவு வீட்டுக்குன்னு ஒவ்வொருத்தரும் நூறு கதிரை வாங்கி வச்சிருக்கோமா? சங்கத்துல இருக்கு. தேவைன்னா எடுக்குறோம், முடிஞ்சா அடுக்குறோம். காரையும் அப்படி வாங்குவோம்."

சங்கச் செயலாளர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "அண்ணே, காரும் கதிரையும் ஒண்ணா?"

"நாலு கதிரைக்கு அடியில சில்லு மாட்டினா அதுதான் கார்."

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களே கடைசியில் கை தூக்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருந்தார். ஓட்டுவது தன் பொறுப்பு என்றார். தெல்தெனியப் பக்கம் போய், சங்கக் காசில் நான்தான் பழைய கார் ஒன்றைப் பிடித்தேன். எஞ்சின் நல்லது, சீட் எல்லாம் கிழிசல். எனக்கு அதுதானே வேண்டும்! முன் இடது சீட்டை முழுதாகக் கழற்றி, சீட் நகர்கிற தண்டவாளத்தைப் பின்னுக்குத் தள்ளி, குஷனைத் தாழ்த்தி, விறைத்த காலை நேராக நீட்டுகிற மாதிரி செய்தேன். கம்பெனிக்காரன்கூட அப்படிச் செய்ததில்லை.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். பொருள் எதுவானாலும் சங்கத்தின் பேரை வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட வேண்டும். கதிரை முதுகில், கூடாரத்தில், தேத்தண்ணிப் பொய்லரில், அகப்பையில்கூட இருக்கும். செயலாளர் அதே வழக்கத்தில் காரின் இரண்டு கதவிலும் சிங்களத்திலும் தமிழிலும் பெரிதாக எழுத வைத்துவிட்டார்: மரண உதவிச் சங்கம். நானும் பார்த்தேன், எழுத்து நேராக இருக்கிறது என்று பாராட்டினேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கதவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். சவச்சாலைப் பக்கத்து வாசலைத் திறந்து, அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். முன் சீட்டில் காலை நீட்டியிருந்த என் வீட்டுக்காரி தலையை வெளியே விட்டு அவரிடம் சிங்களத்திலேயே சொன்னாள்: "மகனே, நான் இன்னும் சாகல்ல. கால் பயிற்சிக்குத்தான் வந்தேன்."

காவலாளி சிரித்தார். ஒழுங்கை சிரிக்கவில்லை. அந்தக் காரில் பொண்ணு பார்க்கப் போக முடியுமா? பிள்ளைத்தாச்சியை ஏற்ற முடியுமா? ஒருவரும் கேட்டு வரவில்லை. என் வீட்டுக்காரி ஒருத்திதான் அதில் போனாள். ஒருத்திக்காகச் சங்கம் கார் வைத்திருக்க முடியாது, விற்றுவிடுவோம் என்று செயலாளர் பேச ஆரம்பித்தார். மகன் மெதுவாக, "அப்பா, கடைய வாங்க ஒரு ஆள் கேக்குறாரு" என்றான்.

பேரை அழித்துவிடலாம் என்றால் செயலாளர் சட்டம் பேசினார். "சங்கப் பொருள்ல பேர் இருக்கணும்ணே. எழுதி வச்ச விதி. ஆனா எங்க இருக்கணும்னு இல்ல..."

அவர் வாயிலிருந்து விழுந்ததை நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்துப் பட்டறையில் கதவைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்க வைத்தேன். பின் சீட்டுக் குஷனைக் கழற்றி, அதன் அடிப்பக்க ரெக்சினில், கறுப்பு நூலால், சங்கத்தின் பேரை எழுத்தெழுத்தாக மெஷினில் ஓட்டினேன். அஞ்சாம் வகுப்பு படித்தவனின் எழுத்து, ஒரு புள்ளி தவறவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். செயலாளர் தூக்கிப் பார்த்தார், வாசித்தார், "விதிப்படி சரி" என்றார்.

அடுத்த கிழமை பஸ் சாரதியின் மருமகளுக்கு வலி வந்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. எங்கள் கார் போனது. திரும்பி வரும்போது பேத்தியோடு வந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! இப்போது காரை எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். செவ்வாய் மட்டும் யாரும் கேட்பதில்லை. அது அவளுடைய நாள். விறைத்துவிடும் என்று பயந்த காலை ஊன்றி, கைத்தடியோடு அவள் தானாக வாசல் வரை வருகிறாள். கடை என்னிடம் இருக்கிறது. மகனும் போன மாதம் கலகெதரையில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போக அதே காரைத்தான் கேட்டு வந்தான்.

"என்னப்பா, சொந்தக் கார் வாங்கலியா?" என்றேன்.

"எதுக்குப்பா? பார்க்கிங் எங்க இருக்கு?" என்றான்.

இதெல்லாம் இப்படி இருக்க, சங்கத்தின் வருட அறிக்கையில் செயலாளர் என்ன எழுதியிருக்கிறார்? "உறுப்பினர்களின் ஒற்றுமையால் மோட்டார் வாகனம் ஒன்று கொள்வனவு செய்யப்பட்டது." ஒற்றுமை கை தூக்கியது, அதை நான் மறுக்கவில்லை. சாரதி ஓட்டினார், அதுவும் சரி. ஆனால் வாங்கலாம் என்று எழுந்து நின்றது யார்? நீட்டின காலுக்குச் சீட் செய்தது யார்? சாவை எடுத்துச் சீட்டுக்கு அடியில் தைத்தது யார்?

அறிக்கையைத் திருத்த வேண்டும். என் பேர்கூட வேண்டாம், குஷன் கடைக்காரர் என்று ஒரு வரி போட்டால் போதும். போட்ட பிறகு கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழ வேண்டும்.