யோனஸ் தொலைக்காத கொப்பிகள்

அந்தப் பெட்டியைக் குப்பைக்குப் போட்டவள் நான்தான். யோனஸ் அதைத் தொலைக்கவில்லை.

தெளிந்த புத்தியோடிருந்த ஒரு மனிதரை மறதி நோயாளி என்று ஊரும் அவருடைய மகளும் நம்பும்படி, கடைசியில் அவரே நம்பும்படி செய்தவளும் நான்தான். முழுவதையும் அறிந்து நம்பியவர் இதுவரை ஒருவருமில்லை. என் கணவருக்கும் பாதிதான் தெரியும். நீங்கள் கேளுங்கள்.

நான் மொன்றியலில், லாசால் பகுதியில் இருக்கிறேன். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, துப்புரவாக்கி, நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. யோனஸ் நான் வேலைக்குப் போன வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரர். எண்பதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ரூத்தா ஒட்டாவாவில். அவர் லித்துவேனியர் என்று சொன்ன முதல்நாள், அந்த நாடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். விரல் நுனிக்குள்ளேயே நாடு மறைந்துவிட்டது.

அவர் எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மொன்றியலுக்கு அவருடைய மக்கள் இரண்டு தடவையாக வந்தார்களாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னே வந்தவர்கள் விவசாயிகள். நகரத்தின் தென்மேற்கில் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். போருக்குப் பின்னே வந்தவர்கள் ஊரைவிட்டு ஓடி, ஜெர்மனியில் அகதிமுகாம்களில் இருந்து வந்தவர்கள். யோனஸ் இரண்டாவது கூட்டம். ஆசிரியராக இருந்த தகப்பன் இங்கே ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைத்து வடக்கே காட்டில் மரம் வெட்டினார். தாய் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள்.

"முந்தி வந்தவர்கள் எங்களைப் படித்த திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். நாங்கள் அவர்களைப் பட்டிக்காடு என்றோம். ஒரே தேவாலயத்தில் வேறு வேறு வாங்கு வரிசைகளில் அமர்ந்தோம், சாந்தி!" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் கோயில் நிர்வாகசபையை நினைத்து நானும் சிரித்தேன்.

இளவயதில் அவர் ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்த பின்னேரங்களில், முந்தி வந்த அந்தப் பட்டிக்காட்டார் வீடுகளுக்கு ரெக்கோடரோடு போனார். வேலை போய்விடும் என்று கர்ப்பத்தை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போன ஒருத்தி... வேலை தேடி ரயில் பாதை வழியே மாகாணம் விட்டு மாகாணம் நடந்த ஒருவன்... ஒவ்வொருவர் சொன்னதையும் வீட்டுக்கு வந்து கொப்பிகளில் எழுதினார். கசெட்டுகள் காலப்போக்கில் கெட்டுப்போயின. சொன்னவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் இறந்துபோனார்கள். கொப்பிகள் மட்டும் எஞ்சின. நீல அட்டை போட்ட கொப்பிகள், ஒரு பெட்டி நிறைய.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆம், எரிச்சல்! நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "இருங்கள் சாந்தி, இதைக் கேளுங்கள்" என்று ஒரு கொப்பியை விரிப்பார். எனக்கோ அடுத்த வீட்டில் ஒரு கிழவி சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள். பஸ் போய்விடும். ஆனால் எரிச்சலின் வேர் அது அல்ல. அகதி விசாரணையில் என் கதையையும் இந்த நாட்டில் கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, முதல் தடவை சொன்னதும் இரண்டாம் தடவை சொன்னதும் எங்கே இடிக்கிறது என்று பார்க்கக் கேட்டார்கள். ஒரு கொப்பியில் அன்பாக எழுதி வைப்பதற்கு என் கதையை யார் கேட்டார்கள்? இந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு மட்டும் என்ன... என்று மனம் கறுவிக்கொண்டே இருந்தது.

அந்த வசந்தகாலத்தில் அவர்களுடைய சங்கம் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட முடிவு செய்தது. கொப்பிகளை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கொண்டுவரும்படி யோனஸிடம் கேட்டிருந்தார்கள். அவர் பெட்டியை எடுத்து, தூசி படாமல் மேலே பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, நடையில் வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. தான் வரப்போவதாகவும், நடையில் கிடக்கும் பழைய பேப்பர் எல்லாவற்றையும் அகற்றும்படியும் மட்டும் ரூத்தா எனக்கு அழைத்துச் சொல்லியிருந்தாள்.

அவர் மதிய நித்திரையில் இருந்தார். தெருமுனையில் ரீசைக்கிள் வண்டியின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைசிப் பெட்டி கனத்தது. படியில் இறங்கும்போது மேலே இருந்த தாள் காற்றில் விலகியது...

இந்த இடத்தில்தான் என் கணவரிடம் சொன்ன கதை நின்றுவிடும். "பேப்பர் என்று நினைத்துத் தெரியாமல் போட்டுவிட்டேன்" என்றேன் அவரிடம்.

தெரியாமலா? நீல அட்டை என் கண்ணில் பட்டது. பட்டது! ஒரு கணம் நின்றேன். திரும்பிப் படியேறி, அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். எழுப்பினால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு கதை சொல்லுவார், பஸ் போய்விடும். கொப்பிகளாக இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்... அப்படித்தான் நினைத்தேன். வண்டிக்காரன் பெட்டியைக் கவிழ்த்தான். நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த தடவை போனபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. மேசை அலுமாரிகளின் இலாச்சிகள் எல்லாம் உருவிக் கொட்டப்பட்டுத் தரையில். "நடையில்தான் வைத்தேன், சாந்தி. இங்கேதான் வைத்தேன்" என்று அதே இடத்தைக் கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பழைய பேப்பரோடு போயிருக்குமோ என்று கேட்டார்; ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துத்தான் போட்டேன் என்றேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரோடு சேர்ந்து தேடினேன்! முழங்காலில் இருந்து கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். நிலவறைக்கு இறங்கினேன். "வேறு எங்காவது வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள்" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை அந்த எண்ணம் அவருக்கு வந்திருக்கவில்லை.

என் கணவர் டோர்வலில் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். அன்று அவர் வேலையால் வந்ததும் சொன்னேன்.

"இஞ்சாரும், அது தெரியாமல் நடந்த பிழைதானே. இனிச் சொல்லி என்ன வரப்போகுது? உம்மட வேலைதான் போகும். பேசாமல் இரும்."

"அந்த மனுசன் சாப்பிடாமல் தேடுறாரப்பா."

"வயசு போன ஆள். ரெண்டு கிழமையில மறந்திடுவார்."

அவர் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு தேவாலயத்துக்குப் போய் எல்லோர் முன்னும் நின்றிருக்கிறார். ஒருவரும் கோபிக்கவில்லையாம். "எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள்" என்றார்.

பிறகு ரூத்தா வந்தாள். என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சாந்தி, நீங்கள்தான் அப்பாவை அதிகம் பார்க்கிறவர். உண்மையைச் சொல்லுங்கள். அவருக்கு வேறு விஷயங்களும் மறக்கிறதா?"

அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்.

"ஓம்" என்று தமிழில் வந்தது. அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு ஆம், மறக்கிறது என்று அவளுக்குப் புரியும் மொழியில் திரும்பவும் சொன்னேன். அதோடு விட்டேனா? "போன மாதம் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்" என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். கேத்திலை மறந்தது நான்! அதை அணைத்து, சுடுகிறது கவனம் என்று எனக்குச் சொன்னவர் அவர்!

அடுப்பு என்றதும் ரூத்தா பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வைத்தியர்கள் பரிசோதித்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை, வயதுக்குரியது என்றார்கள். ஆனால் தனியே விடமுடியாது என்று மகள் முடிவெடுத்துவிட்டாள். இலையுதிர்காலம் வருவதற்குள் வீடு விற்பனையாகி, அவர் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்குப் போய்விட்டார். எனக்கு வேறு வீடு கிடைத்தது. வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

சென்ற மாதம்தான் அவரைப் பார்க்கப் போனேன். ஏன் இவ்வளவு பிந்தி? கேட்காதீர்கள்... பயம். ஜன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என் மகளின் படிப்பை விசாரித்தார். ஒன்றையும் மறந்திருக்கவில்லை அந்த மனிதர்!

மடியில் சங்கத்தின் புத்தகம் இருந்தது. மெல்லியது. பின்னால் வந்தவர்களின் பாடகர் குழு, சனிக்கிழமைப் பள்ளி, கூடைப்பந்து அணி என்று பக்கம் பக்கமாகப் படங்கள். முந்தி வந்தவர்களுக்கு அரைப் பக்கம். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. அவரே படித்து எனக்கு மொழிபெயர்த்தார்: 'இவர்களிடம் சேகரித்த குறிப்புகள், சேகரித்தவரின் கவனக்குறைவால் தொலைந்துபோயின.'

"அப்படி எழுதச் சொன்னது நான்தான்" என்றார். "என்னை நம்பி வாய் திறந்தவர்கள் அவர்கள். தொலைத்தது யார் என்றாவது பதிவாக இருக்கட்டும்."

எனக்குத் தாங்கவில்லை. "நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்றேன்.

"ஒரு பெட்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியாதவன், இறந்தவர்கள் சொன்னதை எப்படி நம்பிச் சொல்வேன்?"

அப்போதுதான் சொன்னேன். பெட்டி, வண்டி, நீல அட்டை, கேத்தில்... அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நல்ல மனம், சாந்தி. என்னைத் தேற்றுவதற்காக இப்படியொரு பழியை நீங்கள் சுமக்கக்கூடாது."

"இல்லை, உண்மையாகத்தான்..."

"எனக்குத் தெரியும் என் தலை எப்படி என்று" என்றார், சிரித்தபடி.

நான் செய்த வேலை அவ்வளவு கச்சிதம்! என் வாயால் நான் சொன்ன உண்மையைக்கூட அது உள்ளே விடவில்லை.

ரூத்தா என்னை நம்புவாள். அவள் நம்பினால், அந்தப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்த வரியாவது மாறும். அவளுடைய இலக்கம் என் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு மாதமாகத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு இவ்வளவையும் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? தமிழில் எழுதிவிட்டேன். அவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில்.

இன்றும் அழைக்கவில்லை.