பரிசுக் கிடா

சிம்டேகா பக்கத்து ஊர்களில் ஹாக்கிப் போட்டிக்குப் பரிசு கோப்பையல்ல, கிடா. ஜெயித்த அணி அதைத் தோளில் தூக்கிப் போய்ச் சமைத்து, ஊரோடு உட்கார்ந்து சாப்பிடும். கிடா கொடுப்பது வருடத்துக்கு ஒரு வீட்டின் முறை. அல்பினா டுங்டுங்குக்கு ஒன்பது வயதானபோது அது அவள் வீட்டுக்கு வந்தது.

அவளுக்கு ஹாக்கி என்றால், அண்ணன் வளைந்த மூங்கிலால் பந்தை அடித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும் வெட்டி வேலை. அதற்குப் போய்ச் சோம்ருவைக் கொடுப்பதா? தாய் ஆடு செத்தபின் கஞ்சி ஊற்றி அவளே வளர்த்த கிடா அது.

“யாருமே ஜெயிக்கலைன்னா என்ன ஆகும், ஆபா?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஆடணும். அதுவரைக்கும் அவன் நம்ம வீட்லதான் புல்லு திம்பான்.”

அது போதும் அவளுக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் மைதானத்து ஓரம் சோம்ருவின் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்து, ஒரு கோலும் விழக்கூடாதென்று வேண்டினாள். வேண்டுவதென்றால் பந்து போகும் இடமெல்லாம் கண்ணும் போகவேண்டுமே. அவள் பயந்தது சொந்த ஊர்க்காரன் இலியாஸ் சோரெங்குக்குத்தான். அவன் கோலைக் கோட்டைவிட்டதும் கை தட்டினாள்.

“உனக்குப் பைத்தியமா? நம்ம ஆளு விட்டதுக்குக் கை தட்டுற!” அண்ணனுக்கு மானம் போயிற்று.

“தட்டுவேன். போடா.”

கோல் விழவில்லை. இருட்டியதும் சோம்ரு வீட்டுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் அண்ணனை நச்சரித்தாள். இலியாஸ் இடது பக்கம் போவதுபோல் காட்டி எப்படி வலது பக்கம் திரும்புகிறான்?

“உனக்கெதுக்கு?”

“எது நடக்கக்கூடாதுன்னு தெரிஞ்சாதானே வேண்ட முடியும்?”

மறு ஞாயிறு. ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து இலியாஸிடம் வந்தது. இடது பக்கம் காட்டினான். கோல்காப்பாளன் ஏமாந்து நகர்ந்தான். அல்பினா துள்ளி எழுந்தாள்.

“வலது பக்கம், இலியாஸ் அண்ணா! வலது பக்கம் அடி!”

அடித்தான். மைதானமே குதித்தது, அவளும் குதித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அத்தனை சந்தோஷம் அவள் அதுவரை அறிந்ததில்லை. கை வெறுமையாக இருப்பது தெரிந்து திரும்பியபோது, பையன்கள் சோம்ருவைத் தூக்கியிருந்தார்கள். அது அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

பந்தியில் அவள் இலையைத் தொடவில்லை.

“நான்தான் அடிக்கச் சொன்னேன், ஆபா.”

“நீ கத்தினது அவன் காதுல விழுந்திருக்காதும்மா.”

அவள் நம்பவில்லை. நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த மேட்ச் எப்போ?” என்று கேட்டாள். கேட்டபின்தான் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

“அடுத்த மாசம், பக்கத்து ஊர்ல.”

“அங்க கிடாவை எந்தப் பக்கம் கட்டுவாங்க?”

இப்போது அல்பினாவுக்கு அறுபத்திரண்டு வயது. சுற்றுவட்டாரத்தில் ஒரு போட்டியையும் அவள் விட்டதில்லை. கிடா கட்டாத பக்கமாகப் பார்த்து உட்காருகிறாள்.