ஜப்திக்கு ஆள் கூட்டிப் போன கதை

2007 வாக்கில் நடந்தது இது. பெரியகுளத்தை அடுத்த எங்கள் ஊரில் ரோடு போடுவதற்காக எங்கள் மாந்தோப்பை அரசு எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை போதாதென்று அப்பா கேஸ் போட்டார். அவர் காலமான பிறகு இரு தரப்பும் கோர்ட்டிலேயே சமரசமாகி, இவ்வளவு தருகிறோம் என்று அரசுத் தரப்பில் கையெழுத்தும் போட்டார்கள். அத்தோடு சரி, பணம் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவிலும் அவகாசம் கேட்டார்கள். பொறுத்துப் பார்த்த ஜட்ஜ், கடைசியில் பணம் தர வேண்டிய அலுவலகத்தின் மேஜை நாற்காலிகளை ஜப்தி செய்ய உத்தரவு போட்டுவிட்டார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம்.

ஜப்திக்குப் போன அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடமலைக்குண்டு பக்கம் கிணற்றோடு ஒரு நிலம் பேசி வைத்திருந்தோம். அந்த மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால் அண்ணன் அடுத்தவர் தோப்பில் கூலிக்குத்தான் போக வேண்டும். அண்ணன் முன்கோபி என்பதால் வக்கீல் என்னை வரச் சொன்னார். என் கோபத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜப்தி என்றால் கோர்ட் ஊழியரான அமீனா வந்து உத்தரவைக் காட்டுவார், அவ்வளவுதான். வண்டியும் தூக்குகிற ஆளும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊரில் மாங்காய் லோடு ஏற்றுகிற நாலு பேரை மினி லாரியில் கூட்டிக்கொண்டு போனேன்.

அமீனா உத்தரவைப் படித்துக் காட்டினார். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மதுரைக் கோர்ட்ல ஸ்டே கேட்டிருக்கோம். இப்ப வந்துரும், செத்த இருங்க" என்றார். தாங்களே கையெழுத்துப் போட்ட சமரசத்துக்குத் தாங்களே தடை கேட்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அமீனா மசியவில்லை. "அது வர்ற வரைக்கும் என் வேலைய நான் பாக்கணும் சார்" என்றவர், என் பக்கம் திரும்பி, "ம், தூக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

நான் கூட்டிப்போன ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அக்கா, எம் பட்டா இங்கனதான் கெடக்கு. ஆபீசர் வேற மூஞ்சியப் பாத்துட்டாக" என்றார். இன்னொருவருக்கு மகனின் சாதிச் சான்றிதழ். மற்ற இருவரும் வீட்டுமனைக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். வெளியூரில் ஆள் பிடிக்காமல் உள்ளூர் ஆளையே கூட்டி வந்த என் புத்தியை என்னவென்று சொல்ல?

உள்ளே போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஸ்டேதானோ என்று எட்டிப் பார்த்தேன். ஆனது ஆகட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே நாற்காலிகளைக் கொண்டுபோய் வண்டியில் போட்டேன். மேஜைதான் அசைய மாட்டேன் என்றது.

அப்போது வராந்தாவில் மனுவோடு காத்திருந்தவர்களில் ஓர் அம்மா எழுந்து வந்தார். கணவர் இறந்து, உதவித்தொகைக்காக அலைகிறவர் என்று வராந்தாப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. மனுவைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மேஜையின் அடுத்த பக்கத்தைப் பிடித்தார். "நீ அங்கன புடி ஆத்தா."

"ஒங்க மனுவும் இங்கதானே குடுக்கணும்? ஆபீசர் பாத்துக்கிட்டிருக்காக" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பாக்கட்டுமே. நானும் நடையா நடந்துட்டேன், ஒரு நாளாச்சும் என்னைய நிமுந்து பாத்திருக்காகளா? இன்னிக்காவது பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரெண்டு பேரும் மூச்சு வாங்க மேஜையை வாசல்படி வரை கொண்டு வந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து அமீனாவுக்குக் கோர்ட்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஸ்டே ஆயிருச்சும்மா, எறக்கிருங்க" என்றார்.

அதுவரை மரம் மாதிரி நின்ற நாலு பேரும் ஓடி வந்து எங்கள் கையிலிருந்த மேஜையை வாங்கிக்கொண்டார்கள். "சார், பழைய எடத்துலயே வச்சுரவா?" என்று கேட்டு, துண்டால் துடைத்து வேறு வைத்தார்கள்.  அவர்கள் மேல் வந்த ஆத்திரம் அடங்கப் பல நாள் ஆனது. அப்புறம் யோசித்தால், பட்டாவையும் பிள்ளையின் படிப்பையும் அந்த ஆபீசில் வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று தோன்றியது.

கிணற்று நிலம் கைவிட்டுப் போய்விட்டது. தடை நீங்கிப் பணம் வந்தபோது வேறு இடத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்க முடிந்தது. ஆனாலும் அண்ணன் இன்று சொந்த நிலத்தில் நிற்கிறார்.

அந்த அம்மாவைத்தான் பிறகு பார்க்கவே முடியவில்லை. பதற்றத்தில் பேரும் ஊரும் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த வராந்தாவுக்குப் பலமுறை போய்த் தேடியும் விசாரித்தும் தகவல் இல்லை. உதவித்தொகை கிடைத்ததோ, எனக்குக் கை கொடுத்ததற்காக அவர் மனுவை ஓரமாகத் தூக்கிப் போட்டார்களோ, தெரியாது. அரசு எங்களுக்குத் தர வேண்டியதை ஒரு வழியாகக் கோர்ட் வாங்கிக் கொடுத்துவிட்டது. நான் அந்த அம்மாவுக்குப் பட்ட கடனைக் கேட்டுத்தான் இன்றுவரை யாரும் வரவில்லை.